பெட்டிக்கு எடுக்காத அளவு

அப்பாவைச் சவப்பெட்டிக்குள் இறக்கி வைத்தபோது கால்மாட்டில் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலையணையைச் சொருகிவிட்டால் தீர்ந்தது என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. மகள் வேண்டாமென்றாள். அப்பாவை மறுபடி கட்டிலிலேயே கிடத்தச் சொன்னாள்.

பெட்டியைச் செய்து அனுப்பியவர் சித்தப்பா. நேற்றுச் சாவுச் செய்தி போனதுமே மரம் அறுக்க ஆரம்பித்துவிட்டாராம். அளவெடுக்க மட்டும் வரவில்லை. இந்த வாசலை மிதித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அண்ணனுடைய அளவு தனக்கு அத்துப்படி என்று வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

இருவரும் ஒரே பட்டறையில் இழைப்புளி பிடித்த தச்சர்கள். அப்பா நகரசபைக்கு நாற்காலி செய்து கொடுக்கப் போய், கடைசியில் தேர்தலில் நின்று அதிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஊரில் கேலி உண்டு. முதல் கூட்டத்தில் வெள்ளைக்காரத் தலைவர், மேஜைக்கால் ஆடுவதைக் காட்டிச் சிரித்தாராம். அப்பா குனிந்து ஒரு ஆப்பு வைத்துச் சரிசெய்தார். நிமிர்ந்து, தண்ணீர் வரியை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு அந்தத் தலைவர் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிச் சாலை வந்தது. இடிக்கவேண்டிய வீடுகளின் வரிசையில் அண்ணன் தம்பி இருவரின் பட்டறையும் இருந்தது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். அன்றோடு சித்தப்பா இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"ஊரான் வீட்டை இடிக்கச் சொல்லிட்டு, என் பட்டறையை மட்டும் விடச் சொல்றதா?" என்று அப்பா அன்றைக்குக் கேட்டதோடு சரி. மகளுக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு. தம்பியிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் பேசத் தெரிந்த மனுஷருக்கு அது மட்டும் வாயில் வரவில்லை.

நாலு மணிக்கு நகரசபைக்காரர்கள் வந்துவிடுவார்கள், அடக்கம் நடந்துவிடும். இப்போது விட்டால் சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்க்கவே மாட்டார். மகள் அவருடைய வாடகைப் பட்டறைக்கு நடந்தாள்.

"சித்தப்பா, பெட்டி ஒரு சாண் நீளம் கூடிப்போச்சு."

அவர் தலை நிமிரவில்லை. "என் அளவு தப்பாதும்மா."

"வந்து பாருங்க."

இத்தனை வருஷத் தொழிலில் அவர் அளவைத் தப்பென்று யாரும் சொன்னதில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

கட்டிலருகே வந்ததும் நின்றுவிட்டார். ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து, முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி அப்பா சுருங்கிப்போயிருந்தார். சித்தப்பா மனசில் வைத்து மரம் அறுத்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆளுக்கு.

"இவ்வளவுதானா ஆயிட்டாரு?" என்றார். "எங்கிட்ட யாரும் சொல்லலையே."

மகள் மூன்று தடவை சொல்லியனுப்பியிருந்தாள். அதை இப்போது சொல்லவில்லை.

நாடாவின் ஒரு முனையை அவளிடம் கொடுத்துக் கால்மாட்டில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு தலைமாட்டுக்குப் போனார். அண்ணனின் நெற்றியில் விழுந்திருந்த முடியை விரலால் ஒதுக்கிவிட்டு அளந்தார். அளவை வாய்விட்டுச் சொன்னார். எழுதிக்கொள்ளவில்லை.

"சரியாப் பிடிச்சியாம்மா? இன்னொரு தடவை பாத்துருவோம்."

அவள் சரியாகத்தான் பிடித்திருந்தாள். இருந்தாலும் முனையை எடுத்து, அப்பாவின் குதிகாலில் மறுபடி வைத்துப் பிடித்தாள்.