வியாழக்கிழமை வகுப்பு

சிதம்பரத்தின் தலையை டொக்டர் மெல்லத் திருப்பிப் பார்த்தார். கழுத்து விறைக்கத் தொடங்கியிருந்தது.

"கடைசியாக எப்போது உயிரோடு பார்த்தீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

மனைவி சாந்தா குளிர்கோட்டைக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "ஒன்றரைக்கு. சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனேன்."

"திரும்பி வந்தது?"

"ஐந்தேகாலுக்கு."

அவர் எழுதினார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போலும். அவர் போனபிறகு மகள் மிதுஷாதான் கேட்டாள்.

"எங்கயம்மா போனனீங்கள்?"

"டெல்சி வீட்ட."

பொய் தானாக வந்து விழுந்தது. சாந்தா இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் வலக்கையில் வெடிமருந்து மணம் போகவில்லை. சிதம்பரத்தின் கண்களை இடக்கையால்தான் மூடினாள்.

கார்ல்ஸ்ரூஹேயில் முப்பத்தொரு வருடம் கந்தோர், அலுவலகம் என்று கூட்டித் துடைத்தவள். பென்ஷன் எடுத்த பிறகும் விடியப்புறம் இரண்டு மணித்தியாலம் போய்வந்தாள். நவம்பரில், ட்ராம் தரிப்பில், ஒருவன் பையைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. பையோடு அவளையும் நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனான். இரண்டு பல் போயிற்று. மிதுஷா வேலையை விடச் சொன்னாள். சாந்தா வேலையை விடாமல் வகுப்புத் தேடினாள்.

பிராங்பேர்ட்டில் ஒரு கூடத்தில் உண்மைப் பிஸ்டலையே கையில் தந்தார்கள். விளம்பரம் முழுக்கத் தடித்த கழுத்து ஆம்பிளைகள். பக்கத்து ஊர்ச் சுடுகழகம் முதலில் ஒரு வருடம் அங்கத்தவராக இருக்கச் சொன்னது. இங்கே இலக்கு அட்டையைத்தான் சுடுவோம், ஆளை அல்ல என்றும் சொன்னது. மூன்றாவது வகுப்பு அறுபது தாண்டிய பெண்களுக்கானது. காஸ் பிஸ்டல். சத்தமும் கண்ணெரிச்சலும்தான், குண்டு இல்லை. எப்படிப் பிடிப்பது, எத்தனை அடியில் நீட்டுவது, எப்போது ஓடுவது என்று பழக்குவார்கள். அவளுக்கு வேண்டியது அதுதான். கிட்ட வருகிறவன் ஒரு அடி பின்னால் போக வேண்டும்.

சனி காலையிலும் வகுப்பு இருந்தது, வியாழன் மத்தியானமும் இருந்தது. சனியென்றால் மிதுஷா வந்து தகப்பனோடு இருப்பாள். ஆனால் எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டிவரும். சிதம்பரத்தின் தம்பி ஊரில் துவக்குச் சூட்டுக்குத்தான் பலியானவன்; அந்தச் சொல்லையே சிதம்பரம் வீட்டுக்குள் விடமாட்டார். பாரிசவாதம் வந்து ஆறு வருடமாக அவர் இரண்டிலிருந்து ஐந்துவரை நித்திரை. ஒருநாளும் முழித்ததில்லை. வியாழனுக்கே பெயர் கொடுத்தாள்.

போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது அங்கே சட்டம். இன்று படிப்பித்த பெண், "கை நடுங்கவில்லையே" என்று மற்றவர்களுக்குக் காட்டினாள். சாந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தாள். திரும்பும்போது ட்ராமில் போனைப் பார்த்தால் வீட்டிலிருந்து மூன்று அழைப்பு. மூன்று மணி பன்னிரண்டுக்கு, பதினாலுக்கு, பத்தொன்பதுக்கு. தண்ணி கேட்டிருப்பார் என்று நினைத்தாள். "கொஞ்ச நேரம் பொறுக்கேலாது இந்த மனுசனுக்கு" என்று வாய்விட்டே சொன்னாள்.

ஏழு மணிக்கு டெல்சி பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தாள். அடுத்த தெருக்காரி. சாந்தாவோடு ஒரே கொம்பனியில் துடைத்தவள்.

"என்னக்கா இது, முந்தநாள் கூடக் கதைச்ச மனுசன்."

"இண்டைக்கும் அம்மா உங்கட வீட்டதானே அன்ரி நிண்டவா," என்றாள் மிதுஷா.

டெல்சி சாந்தாவின் கோட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "கதைச்சுக்கொண்டிருந்ததில நேரம் போனது தெரியேல்ல."

பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு அதிக நேரம் நிற்காமல் போய்விட்டாள்.

மிதுஷா கதிரையில் இருந்து தன் போனைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்டு சொல்லோணும்."

"சொல்லு."

"அப்பா எனக்குப் போன் அடிச்சவர். மூண்டு இருபத்திரண்டுக்கு. நான் வேலையில மீற்றிங்கில இருந்தனான். அப்பா எண்டு பாத்திட்டுக் கட் பண்ணினனான்." குரல் உடையவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். "அவர் ஒருநாளும் எனக்கு அடிக்கிறதில்லை. நான் எடுத்திருந்தா அம்புலன்ஸ் அனுப்பியிருக்கலாம். நான்தான் எடுக்கேல்ல."

தேத்தண்ணி ஊற்றப்படாமல் இருந்தது. சாந்தா பேசாமல் இருந்தால் போதும். டெல்சி வாய் திறக்கமாட்டாள். இந்தப் பிள்ளைக்கு முப்பத்தேழு வயது. இன்னும் நாற்பது வருடம் அந்த மூன்று இருபத்திரண்டைச் சுமந்துகொண்டு திரியும்.

"முதல் எனக்குத்தான் அடிச்சவர்," என்றாள். "மூண்டு தரம்."

மிதுஷா நிமிர்ந்தாள். "டெல்சி அன்ரி வீட்டில நிண்டு எடுக்கேல்லையோ?"

"அங்க நிக்கேல்ல. அவள் எனக்காகச் சொன்னவள்."

"அப்ப எங்க?"

"துவக்குப் பழக. காஸ் துவக்கு. போனைப் பூட்டி வைப்பினம்." சாந்தா கட்டிலைப் பார்த்தாள். "சனிக்கிழமையும் வகுப்பு இருந்தது. நீ இங்க நிண்டிருப்பாய். உனக்கும் அப்பாவுக்கும் சொல்லப் பயந்து நான் வியாழன் எடுத்தனான்."

மிதுஷா தன் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். "அறுபத்தாறு வயசில," என்று மட்டும் சொன்னாள். அது திட்டா, வேறு ஏதாவதா என்று சாந்தாவுக்குப் பிடிபடவில்லை.

கீழே மணி அடித்தது. சிதம்பரத்தைக் கொண்டுபோக வந்த இரண்டு பேர் மேலே ஏறி வந்து, கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுக்க வேண்டும் என்றார்கள். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் கட்டில்காலின் சில்லுப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு இழுத்தார்கள். வந்தவர்கள் அவரைத் துணியில் சுற்றித் தூக்கிப் படியிறங்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

கட்டில் நின்ற இடத்தில் ஆறு வருடத் தூசி கிடந்தது. பஞ்சுபோல, சாம்பல் நிறத்தில். நடுவே ஒரு மாத்திரை, காய்ந்த சோற்றுப் பருக்கைகள். ஊரார் கந்தோரெல்லாம் துடைத்தவள் இங்கே கட்டிலை ஒருநாளும் நகர்த்தியதில்லை. சாந்தா அதைப் பார்த்தபடி நின்றாள்.

மிதுஷா குசினிக் குழாயில் வாளியில் தண்ணீர் பிடித்து வந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்காலூன்றி, சுவரோரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள். தாயின் பக்கம் பார்க்கவில்லை. துணி சாந்தாவின் சப்பாத்துவரை வந்து நின்றது.

"காலைத் தூக்குங்கோ," என்றாள்.

சாந்தா ஒரு காலைத் தூக்கினாள். பிறகு மற்றக் காலை.