மேகத்துக்கு மேலே கடைசி வரிசை

கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஃபிர்மினோ சொன்னபோது, அவன் மனைவி இடலினா சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். லிஸ்பனில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் அவன். காலை வண்டியில் கிழக்கே திரும்பும் ஒவ்வொரு தெருவிலும் சூரியன் கண்ணாடி வழியாக நேரே அவன் முகத்தில் வந்து இறங்கும்.

"முப்பது வருஷம் அது என் கண்ணைக் கூச வச்சுது. ஒரு நாளாவது அது கண்ணை மூடறதை நான் பாக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் அவசரம் இருந்தது. இரண்டு வருஷமாக அவன் பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு உட்கார்ந்திருந்தது. ஓரங்கள் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. அது தெரிந்த அன்றைக்கே பஸ்ஸை ஒப்படைத்துவிட்டான். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் காதுக்கு அப்பால் எங்கேயோ பார்த்துப் பேசும் பழக்கமும் அன்றிலிருந்து வந்தது. மனைவியிடமும் அப்படித்தான். அது இடலினாவுக்கு எரிச்சல். ‘என்னைப் பார்த்துப் பேசுய்யா’ என்று வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். திட்டு வளர்கிறது, அடுத்த வருஷம் ஓரங்களும் மங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஏப்ரலில் வட அமெரிக்காவுக்கு மேலே போகிற கிரகணத்தை விட்டால் அவனுக்கு இன்னொன்று கிடையாது.

இடலினா விமான நிலையத்தில் போர்டிங் கேட்டில் வேலை பார்க்கிறவள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் கம்பெனி தரும் சலுகை உண்டு. எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம், வரி மட்டும் கட்டினால் போதும். ஆனால் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறியபிறகு இடம் மிஞ்சினால்தான் ஏறலாம். மிஞ்சாவிட்டால் கேட்டில் நின்று விமானத்தின் வாலைப் பார்க்கலாம். ஒரு தடவை பார்த்தும் இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் சிலே நாட்டுக் கிரகணத்துக்குக் கிளம்பி, மாட்ரிட் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு, கையில் ஹாம் என்கிற பன்றிக்கறி வைத்த ரொட்டியோடு டிவியில் கிரகணம் பார்த்தார்கள். ஃபிர்மினோ இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

இந்தத் தடவை அவள் முறையாக இறங்கினாள். மெக்சிகோவுக்கும் டெக்சாஸுக்கும் போகும் விமானங்களை முதலிலேயே ஒதுக்கினாள். அங்கேதான் வானம் தெளிவாக இருக்கும் என்று உலகமே டிக்கெட் வாங்கியிருந்தது. பிறகு நிழலின் பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். கனடாவின் கடைசி விளிம்பில், கடலில் இறங்குவதற்கு முன், நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேண்டர் என்ற சின்ன ஊரின் மேல் விரல் நின்றது.

"அங்க ஏப்ரல்ல எப்பவும் மேகம்தானே?" என்றான் ஃபிர்மினோ.

"ஆமா. அதான் யாரும் போக மாட்டாங்க. அதான் இடம் இருக்கும்."

"அடி மகராசி, மேகம்னு தெரிஞ்சே கூட்டிட்டுப் போறியா?"

"மேகம் விலகும். வித்துப்போன சீட்டு விலகாது."

முகம் தெரியாத ஆட்களுக்குச் செய்தி அனுப்பினாள். டொராண்டோவில் பெட்டி ஏற்றுகிற ஒருவன், ஹாலிஃபாக்ஸில் கவுண்டரில் இருக்கும் மேவிஸ் என்ற பெண், இப்படி. எந்த விமானத்தில் எவ்வளவு காலி என்று கேட்டால், எந்தக் கம்பெனிக்காரராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குள் அது ஒரு வழக்கம். பதிலுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. நாளைக்கு அவர்களும் ஏதோ ஒரு ஊரில் பெட்டியோடு நிற்கப்போகிறவர்கள்தானே. இத்தனை வருஷமாகியும், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு பதில் வரும்போதெல்லாம் இடலினாவுக்கு மனசு ஒரு நிமிஷம் நின்றுபோகும்.

டொராண்டோ வரை சுகமாகப் போனார்கள். ஹாலிஃபாக்ஸ் வரையும் சுகம்தான். கிரகணத்தன்று கேண்டருக்கு இரண்டு விமானங்கள், இரண்டுமே விசிறி வைத்த சின்ன விமானங்கள். ஒன்று மதியம், இன்னொன்று கிரகணத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் இறங்குவது.

மதிய விமானத்துக்குக் கேட்டில் நின்றார்கள். கையில் சின்னப் பை மட்டும். ஸ்டாஃப் டிக்கெட்டில் போகிறவர்கள் பெரிய பெட்டி கொண்டுவர மாட்டார்கள். திரையில் காத்திருப்போர் பெயர்கள் வரிசையாக இருந்தன, முதலில் இவர்கள்தான். அதனால் இடலினா நிம்மதியாக இருந்தாள். ஃபிர்மினோ காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது காப்பி இல்ல, காப்பி போட்ட பாத்திரத்தைக் கழுவின தண்ணி."

"குடிச்சுட்டு சும்மா இரு. இங்க நாம விருந்தாளி."

கதவை மூடும் நேரத்தில் மேவிஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டாள். இவர்கள் பெயர் இல்லை. பின்னால் நின்ற, விடுமுறைக்குப் போகும் ஒரு விமானப் பணிப்பெண் ஓடிவந்து ஏறினாள். கதவு மூடியது.

இடலினாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியிருக்கிறது. இவளோ இரண்டு பெயரையும் ஒரே பதிவில் சேர்த்துப் போட்டிருந்தாள். இரண்டு பேர் என்று பதிவில் இருந்தால், ஒரு இடம் வரும்போது கம்ப்யூட்டர் அவர்களைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். தனித்தனியாகப் போட வேண்டும் என்று கேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே பாடமாகச் சொல்வாள். கணவனுக்குக் கண் தெரியாதே, கூடவே இருக்கணுமே என்ற ஒரே நினைப்பில் கை தானாகச் சேர்த்துவிட்டது.

"அந்த சீட்டு உன்னுது. நான் கெடுத்துட்டேன்" என்றாள்.

"நான் தனியா போவேன்னு யார் சொன்னா?"

"போய்த்தான் ஆகணும். கிரகணம் எனக்காகவா வருது?"

"அங்க போய், யார்கிட்டம்மா சூரியன் எந்தப் பக்கம்னு கேப்பேன்? விடு. மாட்ரிட்ல ஹாம் நல்லா இருந்துது. இங்க அதுவும் இல்ல, அதுதான் எனக்கு வருத்தம்."

அவள் சிரிக்கவில்லை. நேரே மேவிஸிடம் போய்ப் பதிவைப் பிரித்துத் தரச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. கவுண்டரில் தன் கதையைச் சொல்லி இடம் கேட்பது இந்தத் தொழிலில் கேவலம்; அவளிடம் அப்படி யாராவது வந்தால் அவளே முகம் கொடுக்க மாட்டாள். மேவிஸ் விசைகளைத் தட்டிவிட்டு, "ஆச்சு கண்ணு. ரெண்டு பேரும் தனித்தனி. அடுத்ததுல நிறையவே காலி, பயப்படாத" என்றாள்.

காலி இருந்தது. ஆனால் அடுத்த விமானத்தின் நேரம் வந்ததும் மேவிஸின் முகம் மாறியது.

"கேண்டர்ல மேகம் தரையைத் தொட்டுட்டு நிக்குதாம், தங்கம். இறங்க முடியலைன்னா தூரத்து ஊருக்குத் திரும்பணும். அதுக்கு எண்ணெய் ஜாஸ்தி ஏத்தறாங்க. எண்ணெய் ஏறினா..."

"ஆள் ஏற முடியாது" என்று இடலினா முடித்தாள்.

"என்ன சொல்றா?" என்றான் ஃபிர்மினோ.

"சீட்டு காலியா இருக்கு, எடைதான் இடிக்குது."

"அப்ப அந்த காப்பியக் குடிச்சிருக்கவே கூடாது."

காசு கொடுத்தவர்கள் ஏறிவிட்டார்கள். கதவு திறந்தபடியே கிடந்தது. கேப்டன் புது வானிலைச் செய்திக்காகக் காத்திருந்தார். நேரம் ஓடியது. ஜன்னலில் ஹாலிஃபாக்ஸ் வானம் வெளுத்துக் கிடந்தது. நேரம் ஆக ஆக, இடலினா மனதுக்குள் கணக்குப் போட்டாள்: இப்போது கிளம்பினால் இறங்கும்போது சரியாக இருக்கும், இப்போது கிளம்பினால் கிரகணத்துக்குள் இறங்குவோம், இப்போது... அதன்பிறகு கணக்குப் போடுவதை விட்டுவிட்டாள்.

கடைசியில் போன் அடித்தது. மேவிஸ் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பக்கத்து ஊர்ல மேகம் தூக்கிடுச்சாம். கேண்டர்ல முடியலைன்னா அங்கயே இறங்கிக்கலாம், அவ்வளவு எண்ணெய் வேணாம். ரெண்டு பேரும் ஏறுங்க. ஓடுங்க!"

ஓடினார்கள். கடைசி வரிசை, இடது பக்கம். மற்ற யாரும் வேண்டாம் என்று விட்ட, சாயாத இருக்கைகள். ஃபிர்மினோவை ஜன்னலோரம் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். விசிறிகள் உறுமின. விமானம் மேகத்துக்குள் நுழைந்து, குலுங்கி, மேகத்துக்கு மேலே வந்தது.

"நேரத்துக்குப் போயிடுவோமா?" என்று கேட்டான்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். "போக மாட்டோம். அது மறையும்போது நாம இங்கதான், நடுவானத்துல இருப்போம். சூரியன் நமக்குப் பின்னாடி இருக்கு, இந்த ஜன்னல்ல வராது."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஒரு ஹாஸ்யமும் வராதது அவளை உடைத்தது.

வெளியே வெளிச்சம் கெட ஆரம்பித்தது. சாயங்காலம் போல இல்லை; சாயங்காலத்தில் மஞ்சள் ஏறும். இங்கே நிறமெல்லாம் வடிந்து, மேகத்தின் மேல்பரப்பு ஈயம் போல ஆனது. விமானத்துக்குள் பேச்சு தானாக அடங்கியது.

அப்போது கேப்டனின் குரல் வந்தது. "ஐயாமார்களே, அம்மாமார்களே. கீழ கேண்டர்ல யாருக்கும் ஒண்ணும் தெரியலையாம், ஒரே மேகம். மேல இருக்கிறது நாம மட்டும்தான். கொஞ்சம் திரும்பிக்க அனுமதி வாங்கிட்டேன். இடது ஜன்னல் பாருங்க."

இறக்கை சாய்ந்தது. பரந்த மேகக்கடல் ஜன்னலில் மெல்லச் சுழன்றது. அதன்மேல், தென்மேற்கில், இடலினா அதைப் பார்த்தாள். நிழல் வந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் அகலம் இருக்கும் நிழல், சத்தமே இல்லாமல், மேகத்தின் மேல் ஓடி வந்தது. எந்த விமானமும் அந்த வேகத்தில் போய் அவள் பார்த்ததில்லை. வலது பக்கத்து ஆட்களெல்லாம் இடது பக்கம் எழுந்து வந்து குனிந்தார்கள். எடையெல்லாம் ஒரே பக்கம் வருகிறதே என்று வேலை பார்த்த புத்தி ஒருகணம் பதறி, பிறகு அதுவும் அடங்கியது.

நிழல் விமானத்தை விழுங்கியது.

ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் இருந்தது. தொடுவானம் முழுக்க, நாலு பக்கமும், செம்மஞ்சள். மேலே, சூரியன் இருந்த இடத்தில், ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளையாய், இழை இழையாய், காற்றில் ஆடாத தீ. இடலினா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். யாரோ அழுதார்கள். யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் ஆயிரமாயிரம் பேரை வானத்துக்கு அனுப்பினவள், வானம் என்பது இதுதான் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

பிறகுதான் பதற்றத்தோடு திரும்பினாள். "தெரியுதா? உனக்குத் தெரியுதாய்யா?"

ஃபிர்மினோ சூரியனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, அதற்குக் கொஞ்சம் தள்ளி, இறக்கையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஈரம்.

"நேரா பாத்தா தெரியல, தள்ளிப் பாத்தா ஓரத்துல வருது. நடுவுல கறுப்பு, சுத்தி வெளிச்சம். சரிதானே?"

"சரிதான்."

"இடலினா." அவன் குரல் சின்னப் பிள்ளை குரல் போல இருந்தது. "எனக்கு எல்லாமே இப்படித்தான் தெரியுது. ரெண்டு வருஷமா. உன் மூஞ்சி இப்படித்தான். நடுவுல ஒண்ணும் இல்ல, சுத்தி வெளிச்சம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவள் மறுபடியும் வெளியே பார்த்தாள். மேகத்துக்கு மேலே தொங்கிய அந்தக் கறுப்பு வட்டத்தை இப்போது அவன் கண்ணாலேயே பார்ப்பது போல இருந்தது. இதைத்தான் தினமும் காலையில் காப்பி ஊற்றிக்கொடுக்கும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தானா? இவ்வளவு பெரியதையா?

வட்டத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது. நட்சத்திரங்கள் போய்விட்டன. நிழல் விமானத்தை விட்டுவிட்டுக் கடலை நோக்கி ஓடியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

"கண்ணை மூடிடுச்சு, பாத்தியா?" என்று ஃபிர்மினோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "முப்பது வருஷக் கணக்கு தீர்ந்துது."

அவள் பக்கம் திரும்பினான். வழக்கம்போல அவன் பார்வை அவள் முகத்தில் நிற்காமல், காதுக்கு அப்பால் போய் நின்றது. இடலினா நகரவில்லை. அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று, முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.