புஷ்பவதி வீட்டுக்கு வந்த கெண்டை

2022 ஆம் ஆண்டு ஆனி மாதத்து மூன்றாம் வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணிபோல, ஒன்பது கிலோ இருநூறு கிராம் நிறையுள்ள கெண்டை மீன் ஒன்று, பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்து வில்லரேப் பகுதியில் பேரின்பநாதன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது. வெண்டைக்காய் றாத்தல் ஐந்து டொலருக்கு ஏறியிருந்த கிழமை அது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பஸ் ஏறி, லியொனெல்-க்ரூவில் மெத்ரோவுக்கு மாறி, ழாரி ஸ்டேசனில் இறங்கி, ஒரு ஆளின் தோள் உயரத்தில் காற்றில் நீந்திக்கொண்டு வந்தது. செதிலெல்லாம் ஈரம். ஆனால் ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை. பஸ்ஸில் ஒரு பெண் தன் பையைத் தூக்கி மடியில் வைத்து அதற்கு இடம் கொடுத்ததாகப் பிறகு தெரியவந்தது. இந்த நகரத்து பஸ்ஸில் யார் எதைக் கொண்டு ஏறினாலும் சனம் ஏனென்று கேட்காது.

மீனைக் குறை சொல்ல முடியாது. அழைத்தவர் பேரின்பநாதன்தான். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கி, முதுகு விட்டுப்போய் வீட்டில் இருந்த மனிதர். அவருடைய மனைவி புஷ்பவதிக்கு 2020 மாசியில் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் மூன்று மாதத்தில் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் அப்பிள் படத்தைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனாள். முன்பென்றால் புஷ்பவதி சமையலறையில் கதைப்பது பின்பக்கத்து ஒழுங்கைவரை கேட்கும். இப்போது வாசல் மணி அடித்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வந்தவர்களை வாங்கோ என்று கூப்பிட வாயில்லாமல் எந்த முகத்தோடு முன்னால் வந்து நிற்பது? சனம் மெல்ல மெல்ல வருவதை விட்டது. பேரின்பநாதனும் ஒருவரையும் அழைப்பதை விட்டார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் ஒரு சொல் கதைக்க வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை.

கூடப் பெட்டி தூக்கிய மன்னார் யோசெப்தான் அவரை வெளியில் இழுத்தவர். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமையில மகள் ஆர்த்திகா தாயோட நிக்கட்டும். நீங்கள் என்னோட குளத்துக்கு வாங்கோ. இப்பிடியே இருந்தியளெண்டால் உங்களுக்கும் வாய் பூட்டிப்போடும்" என்றார். நகரம் இருக்கிற தீவின் மேற்கு முனையில், வயல்களுக்குப் பின்னால், கல் உடைத்த பழைய பள்ளத்தில் ஊற்று நிறைந்து உண்டான குளம். நாற்பது பேர் சேர்ந்த கிளப். கெண்டையோடு பிறீம், டெஞ்ச் என்று இரண்டு சாதி மீன்களும் உண்டு. பிடித்த மீனை ஈரமெத்தையில் கிடத்தி, நிறுத்து, கொப்பியில் எழுதி, திரும்பவும் தண்ணீரில் விடவேண்டும். அதுதான் சட்டம். யோசெப் முதன்முதல் போன அன்று ஐஸ் பெட்டியும் கத்தியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோய், கிளப்பின் செயலாளர் மதாமிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். மன்னாரில் நாலு தலைமுறையாக மீன் பிடித்த குடும்பம், பிடித்ததைத் திரும்ப விடுவது என்றால் விசர் என்றுதானே நினைக்கும்!

பேரின்பநாதனுக்கு அந்த விசர் பிடித்துப்போனது. மீனும் கதைக்காது, அவரும் கதைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கடையில் வாங்கிய இரை போட, அவர் காலையில் மிஞ்சிய புட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்து உருண்டை பிடித்துப் போடுவார். அந்த ஆனி மாதத்து ஞாயிறு அன்று கடித்தது குளத்தின் மூத்த கெண்டை. முப்பது வயதுக்கு மேல் என்று மதாம் சொன்னார். நிறுத்து முடிந்து, மூச்சுத் திரும்பும்வரை அதைத் தண்ணீரில் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அது போக அவசரப்படாமல் அவருடைய முகத்தையே பார்த்தது. அவருக்குச் சொல் தானாக வந்தது. "ஒருநாளைக்கு வீட்டுப்பக்கம் வாங்கோவன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் சனம் கலியாண வீட்டிலும் சாமான் கடையிலும் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை. இரண்டு வருடமாக ஒரு மனிதரிடமும் சொல்லாததை மீன்தானே என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டவர்களில் உண்மையாகவே வந்தது இந்த மீன் மட்டும்தான்.

வந்த மீனுக்கு மணி அடிக்கக் கையில்லை. அதனால்தான் காரியம் நடந்தது. வெக்கைக்குக் கதவு திறந்து கிடந்தது. பேரின்பநாதன் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். மீன் இரும்பு வளைவுப் படியில் ஏறி, வாசலில் நின்றது. புஷ்பவதி சமையலறையிலிருந்து வெளியே வந்தவள், ஒளித்துக்கொள்ள நேரமில்லாமல் விருந்தாளிக்கு நேரெதிரே அகப்பட்டாள். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம் வாயைத் தள்ளித் திறந்தது.

"வாங்கோ" என்றாள்.

பேரின்பநாதன் பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மீன் வாயைத் திறந்து மூடியது. அது கதைக்கவில்லை; மீன்கள் கதைப்பதில்லை.

அதன்பிறகு கெண்டை அங்கேயே தங்கியது. விருந்தாளியிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அதுவும் தானாகச் சொல்லவில்லை. பகலில் யன்னலோரம் நின்று தெருவைப் பார்க்கும். காலையில் புட்டு, பின்னேரம் ஆறவைத்த தேத்தண்ணி. "சாப்பிடுங்கோ", "வெக்கப்படாதேங்கோ", "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்று புஷ்பவதிக்கு நாளுக்கு ஒரு சொல் திரும்பியது. அந்த வீட்டில் மீன் சமைப்பது நின்றது. விருந்தாளியின் முன்னால் அவருடைய இனத்தை எப்படிப் பொரிப்பது? ஒருநாள் யோசெப் ஆறு மீன் கட்லட் கட்டிக்கொண்டு வந்தார். பேரின்பநாதன் பாதிப் படியில் மறித்து, "ஐயோ, அவர் உள்ளுக்க இருக்கிறார்" என்றார். யோசெப் படியிலேயே குந்தியிருந்து ஆறையும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மரியாதையாக வணக்கம் சொன்னார். ஆவணிக்குள் புஷ்பவதி முழு வசனமாகக் கதைத்தாள். தன் தங்கை நிரோஜாவின் கலியாணத்தில் சமையற்காரன் குடித்துவிட்டு விழுந்த கதையை மீனுக்கு இரண்டு மணித்தியாலம் சொன்னாள். ஆனால் கணவன் பக்கம், மகள் பக்கம் திரும்பினால் வாய் மூடிக்கொள்ளும். அவளுடைய சொல்லெல்லாம் விருந்தாளிக்கு உரியவை. பேரின்பநாதன் மீனுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு, தனக்குச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டு கேட்பார். பொறாமைப்பட்டாரா என்று கேட்டால், கடவுளறிய இல்லை. தினமும் சாமிப்படத்துக்குக் கும்பிடும்போது மீனுக்கும் சேர்த்து ஒரு பூ வைத்தார்.

ஐப்பசியில் செயலாளர் மதாம் படியேறி வந்தார். குளத்து மீன் குளத்தை விட்டுப் போகக்கூடாது என்பது கிளப்பின் நாலாவது விதி. ஆர்த்திகா பிரெஞ்சில், அப்பா கொண்டுவரவில்லை, அழைத்தார், அவ்வளவுதான் என்று விளக்கினாள். மதாம் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தார். அங்கத்தவர் மீனைக் கொண்டுபோகக்கூடாது என்றுதான் இருந்தது. மீன் விருந்துக்குப் போகக்கூடாது என்று எங்கும் இல்லை. "சரி" என்றார். ஆனால் போகும்போது பேரின்பநாதனைப் படியில் நிறுத்தி ஒன்றைச் சொன்னார். பனி மூட முன் குளத்தடியில் போய்ச் சேற்றோடு படுக்காத கெண்டை அடுத்த வசந்தத்தைப் பார்க்காது. செதில் கழலத் தொடங்கினால் நாள் இல்லை என்று அர்த்தம்.

அதைப் பேரின்பநாதன் வீட்டில் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் சொல்லவில்லை. மீன் போனால் அவளுடைய பேச்சும் கூடப் போய்விடும் என்ற பயம் அவரை அப்படிப் பிடித்து வைத்திருந்தது. இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள் என்று மூன்று கிழமை ஓட்டினார். காலையில் முதல் ஆளாக எழுந்து, யன்னலடியில் விழுந்து கிடக்கும் செதில்களைப் பொறுக்கிக் காற்சட்டைப் பைக்குள் போடுவார். மீன் இப்போது முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பவில்லை. புட்டை முகர்ந்துவிட்டு அப்படியே விட்டுவிடும். அது அவரைப் பார்க்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கார்த்திகை இரண்டாம் சனிக்கிழமை புஷ்பவதி உடுப்புத் தோய்க்கப் போட்டாள். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து பதினேழு செதில் வந்தது. அவற்றைக் கொண்டுவந்து மேசையில் அவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குச் சொல்ல அவளிடம் சொல் இல்லையே. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீ கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கோணுமெண்டுதான்" என்றார். அவள் போய்ப் புட்டு அவித்தாள். போகிற ஆளை வெறுங்கையோடு அனுப்புவதா? பொதியைக் கட்டி, இரண்டரை வருடமாகக் கொளுவியிலேயே தொங்கிய குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று இவரைப் பார்த்தாள். அவர் அவசரத்தில் தொப்பியையும் மறந்து புறப்பட்டார்.

மூவருமாக மெத்ரோவும் பஸ்ஸும் பிடித்துப் போனார்கள். இருவரும் இரண்டு பக்கமும் மீனைத் தாங்கிப் பிடித்தார்கள். குளத்தின் ஓரமெல்லாம் கண்ணாடிபோல் பனி கட்டியிருந்தது. பேரின்பநாதன் வழியில் போன் எடுத்துச் சொல்லியிருந்ததால், யோசெப் மதாமோடு முன்னமே வந்து, துடுப்பால் அடித்து ஒரு வழி உடைத்து வைத்திருந்தார். மதாம் நிறுத்தார்: பதினொரு கிலோ நானூறு. செதில் போயும் இவ்வளவா என்று ஒரு புருவத்தை உயர்த்திவிட்டு, கொப்பியில் போன திகதி, வந்த திகதி, காரணம் என்ற இடத்தில் விருந்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். புஷ்பவதி கரையில் குந்தி, புட்டை முழுவதும் தண்ணீரில் உதிர்த்தாள். மீனின் தலையைத் தடவினாள்.

"குறை நிறை இருந்தால் மனசில வையாதேங்கோ" என்றாள். "போயிட்டு வாங்கோ."

கெண்டை வாலை ஒரு முறை அடித்துக் கீழே போனது. குமிழிகள் வந்தன, பிறகு நின்றன. பேரின்பநாதன் அவளுடைய வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. பஸ் தரிப்புவரை இருபது நிமிட நடை, அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, ஐந்து மாதம் கேட்டேனே, அதுவும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டு நடந்தார். அழுகை வந்தது. குளிருக்குக் கண்ணில் தண்ணி வருகிறது என்று காட்டிக்கொண்டார்.

பஸ்ஸில், வரும்போது ஓட்டிய அதே சாரதி. இரண்டு பேரை மட்டும் பார்த்துவிட்டு, உங்கள் மீன் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார். பேரின்பநாதன் வாயெடுக்க முன்னம் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவர் தன்ர வீட்டை போயிட்டார்."

சாரதிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அப்படியா, நல்லது என்பதுபோல "ஆ, போன்" என்று பிரெஞ்சில் சொல்லித் தலையாட்டிக் கதவைச் சாத்தினார். புஷ்பவதி யன்னலோரம் போய் இருந்தாள். பஸ் புறப்பட்டதும் திரும்பி, பேரின்பநாதனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொப்பி எங்க? உந்தக் குளிருக்க மொட்டந்தலையோட வந்து நிக்கிறியள். விசரே உங்களுக்கு?"

அதோடு அவள் விடவில்லை. இரண்டரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நிரோஜா போன் எடுத்தால் இரண்டு சொல்லில் வைத்துவிடுகிறாராம். ஆர்த்திகாவுக்குப் பேசிவந்த நல்ல சம்பந்தத்தை வாயைத் திறக்காமலே கைவிட்டாராம். மழித்த முகத்தில் காதடியில் எப்போதும் நாலு மயிர் மிஞ்சுகிறதாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோர்வலைத் தாண்டி, லியொனெல்-க்ரூவில் மாறி, ழாரி வரும்வரை அவள் நிறுத்தவேயில்லை. பேரின்பநாதன் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.