புது கன்சோலுக்கு ஒரு வரவேற்பு ஃபிளெக்ஸ்

புது கேம் கன்சோலின் அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே அதற்கு வரவேற்பு ஃபிளெக்ஸ் கட்டியவர்கள், உலகத்திலேயே உத்திரமேரூரில் கேம் சென்டர் நடத்தும் நாங்கள் இருவராகத்தான் இருப்போம். கன்சோல் எப்படி இருக்கும் என்று தெரியாததால் என் முகத்தையும் கூட்டாளி உபைதுல்லாவின் முகத்தையும் பெரிதாகப் போட்டிருந்தோம்.

அறிவிப்பு வந்தது. விலை அதிகம், பழைய டிஸ்க் எதுவும் ஓடாது. உலகமே காறித் துப்பியது.

"இது தேறாது ஜீவா. நான் மாமா துணிக்கடைக்கே போயிடறேன்" என்றான் உபைதுல்லா.

அவன் போனால் கடையை மூடவேண்டியதுதான். தனியாக நடத்தும் சாமர்த்தியம் எனக்கில்லை. தனியாகச் சிரிக்கவும் வராது. ஆகவே நல்லதைத் தேடினேன்.

"கலரு சூப்பரா கீது பாரு."

"கறுப்புடா அது."

"அழுக்கு தெரியாதில்ல? அப்புறம், சத்தமே வராதாம்."

"வாங்கவே ஆளு கெடையாது, சத்தம் எங்கேந்துடா வரும்?"

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி, நேராக எங்கள் பழைய கன்சோல்மேல் சொட்டியது. உபைதுல்லா வாசலுக்கு ஓடி ஃபிளெக்ஸை அறுத்து வந்தான். நாற்காலிமேல் ஏறி, கூரைக்கடியில் மூன்று மூலைகளைச் சாய்வாகக் கட்டினான். எங்கள் இரண்டு முகங்களும் மேலிருந்து இளித்தன. கன்சோல்மேல் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்தியா, புது கன்சோலால ஒரு நல்லது நடந்துடுச்சு" என்றேன்.

"பேஜார் பண்ணாம கயித்தப் புடி. மழை நின்னதும் நான் துணிக்கடைக்குப் போய்க்கினே இருப்பேன்."

பிடித்துக்கொண்டேன். ஐப்பசி அன்றைக்குத்தான் பிறந்திருந்தது.