பச்சைக் கொம்பு மாடுகள்

மஸ்கெலியாவுக்கு மேலே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஏறும் சரிவைப் புல்லுமலை என்றுதான் இன்னமும் சொன்னார்கள். பெயரில் மட்டும் புல் மிச்சமிருந்தது. ஐம்பத்தைந்தாம் வருடத்து ஆடி மழையில் அந்த மலை கரைந்து இறங்கி, லயத்தார் குடம் பிடிக்கும் பீலியில் தண்ணீர் குழம்பாகக் கொட்டியது. உச்சியிலிருந்த காட்டை வெட்டித் தேயிலை உலர்த்தும் ஸ்டோர் அடுப்பில் போட்டது தோட்டம். ஆனால் விசாரித்துப் பார்த்ததில் குற்றவாளி மாடு என்று தெரியவந்தது. மாட்டுக்கு வாயிருந்தும் என்ன, மேயத்தானே தெரியும்.

தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். வீட்டுக்கு ஒரு மாடு. தைப் பொங்கல் கழிந்ததும் மிச்சமெல்லாம் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

கொழுந்து பறிக்கும் காளியாயிக்கு அதில் பெரிய வருத்தமில்லை. மலையில் மாடு அதிகம் என்பது பொய்யுமில்லை; அவளுடைய செவலை புல்லென்று நாக்கை நீட்டினால் பாதி மண்தான் வந்தது. செவலை அவளுடைய சொந்த மாடு. கன்றாய் இருந்தபோது கஞ்சித் தண்ணீர் ஊட்டி வளர்த்தது. புருஷன் செத்த பிறகு அதன் பால்தான் அவள் வீட்டு அடுப்பை அணையாமல் வைத்திருந்தது. வம்பு என்னவென்றால், அவளுடைய கொட்டிலில் இன்னொரு மாடும் நின்றது. அது பெரிய கங்காணி இராமையாவின் மாடு.

அவள் கொட்டிலில் மட்டுமா? அந்த லயத்தில் எல்லாக் கொட்டிலிலும் கங்காணியின் மாடு ஒன்று நின்றது. வாரத்துக்கு விட்டிருந்தார். மாடு அவருடையது, புல்லறுப்பதும் சாணி அள்ளுவதும் வளர்ப்பவருடைய பாடு. முதல் கன்று அவருக்கு, அடுத்த கன்று வளர்ப்பவருக்கு. அந்த அடுத்த கன்றைத்தான் இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. முதல் கன்று விழுந்ததும் மாட்டை அவிழ்த்துப் பக்கத்து வீட்டுக் கொட்டிலில் கட்டிவிடுவார். கேட்டால், இடம் மாறினால் மாட்டுக்கு நல்லது என்பார்.

உத்தரவுக்குக் கங்காணி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வைத்து விளக்கம் சொன்னார். வீட்டுக்கு ஒரு மாடு என்றால் அது தம்முடைய மாடு. சனங்களின் சொந்த மாடுகளை ஏற்றிக்கொண்டு போக ஹட்டன் இறைச்சிக் கடைக்காரனுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. முணுமுணுத்தால் நாள் முழுக்க உழைத்தாலும் அரைப்பேர்தான் விழும், பாதிச் சம்பளம்தான் கிடைக்கும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காளியாயி அன்று தேயிலை மலையில் நின்று அழுதாள். ஆத்திரத்தில் கொழுந்தைக் காம்போடு கிள்ளி, அதற்கும் ஏச்சு வாங்கினாள்.

மாட்டுப் பொங்கலுக்கு மற்றவர்கள் கொம்பில் காவியும் மஞ்சளும் பூசுவார்கள். கங்காணி மாட்டுக்கு மட்டும் பச்சை. ஸ்டோர்க் கூரைக்கு வந்த பெயின்ட் எப்படியோ அவர் வீட்டில் மிச்சமிருக்கும். பச்சைக் கொம்பைக் கண்டால் கங்காணி மாடு என்று பக்கத்துத் தோட்டம்வரை தெரிய வேண்டுமென்பது அவர் ஆசை. அந்த வருடம் மட்டும், துரையின் உத்தரவு இருக்கிறதே என்று, வாளியை வெளியே எடுக்காமல் இருந்தார். மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் காளியாயி அவர் வாசலில் போய்ப் பணிவாக நின்றாள்.

“பூசாட்டி கெடக்குதுங்க. கீழ்த் தோட்டத்துக் கங்காணியாரு தங்கக் காகிதம் ஒட்டுறாராம். நம்மளுது வெறுங் கொம்பா நின்னா, ராமையா நொடிச்சுப் போயிட்டாருன்னு பேசுவாங்க. பேசிட்டுப் போறாங்க.”

சாயந்திரத்துக்குள் கொட்டில் கொட்டிலாக வாளியும் பிரஷும் வந்துவிட்டன.

மறுநாள் வழக்கம்போலத் துரையை அழைத்துவந்து மாலை போட்டார்கள். இரண்டு வாய்ப் பொங்கல் தின்றுவிட்டு அவர் மலையை அண்ணாந்து பார்த்தார். மொட்டைச் சரிவு முழுக்கப் பச்சைக் கொம்பு.

“இந்தப் பச்சைக் கொம்பு எல்லாம் ஆர் மாடு?”

தப்பு மேளம் நின்றது. என்னுடையது என்றால் உத்தரவுப்படி ஒன்றுதான் மிஞ்சும். பெயின்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சனங்களோட மாடுங்க தொரே. அவங்கவங்க கொட்டில்ல நிக்கிறது அவங்கவங்க மாடு. நம்ம வீட்டுக்கு ஒரு வாலுகூடக் கெடையாதுங்க. சாமி முன்னால சொல்றேன்.”

துரைக்கு மகிழ்ச்சி. தன் ஸ்டோர்க் கூரையின் நிறத்தைக்கூட அறியாத மனிதர், கையில் கொடுத்த கரும்போடு பங்களாவுக்குப் போய்விட்டார்.

 கங்காணி மாட்டிக்கொள்வார் என்றுதான் காளியாயி நினைத்திருந்தாள். மாட்டையே கொடுத்துவிடுவார் என்று நினைக்கவில்லை. அரைப்பேர் போடுவாரோ என்ற பயம் இருந்தது. போட்டால் துரை காரணம் கேட்பார், என்ன சொல்வாராம்? மாடுகள் மேய்ந்து திரும்பியதும் அவள் கொட்டிலுக்குப் போய்ச் செவலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பச்சைக் கொம்பை அவிழ்த்தாள். கங்காணி வீட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது லயமே பச்சைக் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு மேல் மிஞ்சும் மாடுகளுக்குத்தான் ஹட்டன்காரன் வரப்போகிறானே, சொல்லியனுப்பியவரும் கங்காணிதான்.

கங்காணி வாசலுக்கு வந்து, இதெல்லாம் என்ன என்றார். அவருடைய ரோஜாச் செடியை ஒரு மாடு மேயத் தொடங்கியிருந்தது.

“ஒங்க வீட்டுல மாடே இல்லேன்னு சாமி முன்னால சொன்னீங்க. வீட்டுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்னு தொரை உத்தரவு இருக்குங்களே. அதான் என் மாட்டக் கொண்டாந்தேன்” என்று காளியாயி கயிற்றை அவர் கையில் வைத்தாள். “வாரத்துக்கு வளத்துக் குடுங்க. மொதக் கன்னு எனக்கு.”