சினை இறால் வளராது

இறால் பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது மாதமாகியும், அறுவடை நாளன்று குளக்கரையில் நான் இல்லையென்றால் இறால்கள் வலைக்குள் வர மறுத்துவிடும் என்பது என் கணிப்பு. என் காலத்து ஆண் இறாலுக்குக் கொடுக்கு மட்டும் முழங்கை நீளம். ஒன்று என் செருப்பைக் கவ்விக்கொண்டு குளத்தை இரண்டு சுற்று சுற்றியது. முப்பது வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். முதலில் சொன்னபோது ஒரு சுற்றுதான்.

அன்றும் தரம் பிரிக்கும் மேசையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆண் ஒரு கூடை, பெண் ஒரு கூடை. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருப்பவள். கை ஓடுகிற வேகத்தில் இறாலுக்கே தலை சுற்றும். குஞ்சு பொரிப்பகத்தின் பொறுப்பு அவளுக்குத்தான் என்று பேச்சாகிவிட்டது. மேலாளர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

அந்த மேலாளர்தான் புது வியாபாரிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் இறால் மட்டும் ஏன் சிறுத்துப்போகிறது என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சொல்லவா வேண்டும்? தின்பதையெல்லாம் முட்டைக்கே கொடுத்துவிட்டால் உடம்புக்கு என்ன மிஞ்சும் என்றேன். ஆணுக்கு அந்தக் கவலை இல்லை, தின்று கொழுத்து மேலாளர் ஆகிவிடும் என்றேன். மேலாளரே தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்றைப் போட்டுவிட நாக்கு துறுதுறுத்தது.

"சினை இறால் வளராது சார். இதோ, எங்க வீட்லயே ஒண்ணு நிக்குதே, மூணு மாசம்."

மகளின் கை நின்றது. முந்தாநாள்தான் என்னிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லியிருந்தாள். உத்தரவு கைக்கு வரும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்றாள். மீசைமேல் சத்தியம் செய்திருந்தேன்.

மேலாளர் வாழ்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதல்ல உடம்பப் பாத்துக்கம்மா. பொறுப்பு எங்க ஓடிடப் போகுது" என்றார். போகிற வழியில், வலை இழுத்துக்கொண்டிருந்தவரை மதியம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அந்த ஆள் சேர்ந்து இரண்டு வருஷம். ஆண் எது, பெண் எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததே என் மகள்தான்.

உடனே போய் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"முப்பது வருஷமா அவ்வளவு பொய் சொன்னீங்களேப்பா. இன்னிக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்."

அடுத்த வலையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். அவள் கை மறுபடி ஓடத் தொடங்கியது. என் முன்னால் கையகலத்தில் ஒரு பெண் இறால் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் இல்லாத அந்த மேசையிலும், வயிற்றடிக் கால்களால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே இருந்தது. எடுக்கத் தோன்றாமல் நின்றேன். அவள் என் குறுக்கே கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள்.