பார்சல் போன முகவரி

கதவைத் திறந்த அம்மாள் கையில் கரண்டியோடு நின்றாள். நொயெல்லா தன் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். அதே சமையலறை, அதே பெரிய ஜன்னல்.

"இது என் வீடும்மா. ரொம்ப வருஷமா நான்தான் இருக்கேன். எவனோ பழைய படத்த இன்டர்நெட்ல போட்டு, வாடகைக்குன்னு முன்பணம் வாங்கி ஏமாத்துறான். போலீஸ்ல சொல்லியாச்சு."

"மன்னிச்சுக்குங்க. தொந்தரவு பண்ணிட்டேன்," என்று நொயெல்லா படியிறங்கினாள்.

கீழே வாடகை லாரியில் அவள் சாமான்கள் கிடந்தன. அண்ணன் ரெஜி மாங்க்டன் ஊரிலிருந்து ஓட்டிவந்த களைப்பில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். விவாகரத்து முடிந்து, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஹாலிஃபாக்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை தேடிக்கொண்டவள் அவள். வீடும் தானே பிடித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். நேரில் பார்க்காமல் பணம் கட்டாதே என்று ரெஜி ஒருவன்தான் சொன்னான். நான் சின்னப் பிள்ளையா என்று கேட்டுப் போனைத் துண்டித்திருந்தாள்.

"என்ன, மகாராணிக்கு சாவி கெடச்சுதா?"

"பெயின்ட் காயலையாம். சாமானக் கிடங்குல போட்டுட்டு நீ கெளம்பு. நான் ஓட்டல்ல தங்கிக்கிறேன்."

 அவள் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

பிறகு ஒரு வீட்டின் அடித்தளத்தில் அறை எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும். வேலைக்குப் போனாள், சூப் குடித்தாள், தரையில் மெத்தை போட்டுத் தூங்கினாள். அழுகை வரவில்லை. ஞாயிறுதோறும் ரெஜி கூப்பிடும்போது, போனில் இருந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, சமையலறையில் வெயில் எப்படி விழுகிறது என்று சொன்னாள்.

பனி விழத் தொடங்கியபின் ஒருநாள் ரெஜி கேட்டான்: "என் பொண்டாட்டி அனுப்பின பார்சல் வந்துச்சா? கையெழுத்துப் போட்டது மெக்கினன்னு இன்டர்நெட்ல காட்டுதே, யாரு அது?"

"பக்கத்து வீட்டம்மா."

மறுநாள் மாலை, படங்களில் இருந்த அந்த வீட்டின் படிகளில் மறுபடி ஏறினாள். மெக்கினன் அம்மாள் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"உள்ள வா, குளிர் வருது. உன்ன மாதிரி நாலஞ்சு பேர் வந்தாங்க. ஒருத்தன் கதவ உதைச்சான். ஒரு பொண்ணு படியில உக்காந்து அழுதா. நீ ஒருத்திதான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டவ. அதுதான் எனக்குத் தாங்கல." தேநீரையும் பார்சலையும் முன்னால் வைத்தாள். "வீட்ல சொன்னியா?"

நொயெல்லா இல்லை என்று தலையசைத்தாள்.

"இத அனுப்பினவங்ககிட்டகூடவா சொல்லல?"

நொயெல்லா பார்சலைப் பிரித்தாள். உள்ளே மஞ்சள் திரைச்சீலைகள். அண்ணி கையால் தைத்தவை. ஓரத்தில் சின்னச் சின்னப் பூக்கள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று ரெஜியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி தச்சது வந்துச்சு. மாட்டத்தான் ஜன்னல் இல்ல, ரெஜி. அந்த வீடு எனக்குக் கெடைக்கவே இல்ல. பணம் போச்சு."

 அவன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நின்றது.

"இப்ப எங்க படுக்குற?"

"ஒரு வீட்டுக்குக் கீழ. தரையில."

"கட்டில்?"

"கிடங்குல இருக்கு."

"சனிக்கிழமை வர்றேன். எடுத்துப் போட்டுடலாம்."

நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. குளிரில் விரல்கள் மட்டும் மரத்திருந்தன. பஸ் வந்தது, பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.